பூங்காவில் இருந்த குரல்

அவருடைய முகத்தை அறிந்தவர்கள் ஒரு தெருவுக்குள் அடங்கிவிடுவார்கள். குரலை அறிந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஊரின் பெரிய கட்டடங்களில் லிஃப்ட்டுக்குள் "கதவு மூடுகிறது" என்று சொல்வது அவர்தான். மின்சார அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று பொறுமையாகச் சொல்லிக் கேட்பவரின் பொறுமையைச் சோதிப்பதும் அவர்தான். அதனால் வீட்டில் அவருக்கு லிஃப்ட்டம்மா என்று பெயர். பெயரை வைத்தவர் கணவரின் தம்பி. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். "ஒரே வாய்க்குத்தான் ரெண்டு பேரும் உழைக்கறோம் அண்ணி. நான் பல்லு குடுக்கறேன், நீங்க சொல்லு குடுக்கறீங்க" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார். இன்னும் யாராவது சிரிப்பார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு.

லிஃப்ட்டம்மா வேலை செய்த ஒலிக்கூடம் ஒரு தையற்கடையின் மாடியில் இருந்தது. சுவரெங்கும் சாம்பல்நிறப் பஞ்சு ஒட்டிய சிறிய அறை. உள்ளே நுழையுமுன் வளையல்களைக் கழற்றி வாசலில் உள்ள கிண்ணத்தில் போடுவார். கஞ்சி போட்ட துணி மூச்சு விடும்போதெல்லாம் சரசரக்கும் என்பதால், பலமுறை துவைத்து நைந்த உடைகளே அவருக்கு வேலை உடைகள். வாய்க்குள் எச்சில் சொடுக்கும் ஒலி மைக்கில் விழாதிருக்கப் புளிப்பு ஆப்பிளில் ஒரு கடி கடித்துக்கொள்வார். தாளைப் புரட்டினாலும் ஒலி விழும். ஆகவே எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துக் கண்ணை மட்டும் நகர்த்தி வாசிப்பார். பதிவு முடிந்தபின் ஒலிக்கூடத்துக்காரர் கணினியின் முன் அமர்ந்து, வரிகளுக்கு இடையே கிடக்கும் மூச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிவார். லிஃப்ட்டில் பேசும் பெண் மூச்சு விடுவதே இல்லை என்பதை யாரும் கவனித்ததில்லை.

அவர் செய்தவற்றிலேயே நீளமான வேலை, அந்தப் புகழ்பெற்ற தேசியப் பூங்காவின் விளக்கவுரை. பூங்காவுக்குள் சொந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பூங்காவின் வேனில்தான் சுற்ற வேண்டும். வேன் போகப் போக, அந்தந்த இடத்துக்கு உரிய விளக்கம் ஒலிபெருக்கியில் வரும். "உங்கள் வலப்புறம் தெரிவது பறவைகளின் ஏரி" என்று வாசித்தபோது அவர் கண்கள் உண்மையாகவே வலப்புறம் போயின. அங்கே பஞ்சுச் சுவர் இருந்தது. ஏரியை அவர் பார்த்ததில்லை, பூங்காவுக்கே போனதில்லை. ஆயினும் கண் திரும்பினால்தான் குரலும் திரும்பும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட முறை.

பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சைக்குப் போன நாளில், மருத்துவமனை லிஃப்ட்டில் அவர் குரலே அவரை வழியனுப்பியது: "நான்காம் தளம். அறுவை சிகிச்சைப் பிரிவு." கொழுந்தன் கைதட்டினார். வீடு திரும்பும் நாளில் அதே லிஃப்ட், "கதவு மூடுகிறது" என்றது. அப்போது அவருக்குத் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்துகொண்டிருந்தது. சில மாதங்களில் காற்று கரகரப்பாயிற்று. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் பரிசோதனைக்கு அவர் தனியாகப் போனார். குரல்நாணுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டுவிட்டது, இனிப் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம், இருப்பதை வைத்துப் பேசப் பழகுங்கள் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்த லிஃப்ட்டம்மா, "கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடுமாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று முதல் அவர் எந்த லிஃப்ட்டிலும் ஏறவில்லை. "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்று படியேறினார். தொலைபேசி மணியடித்தால் துண்டித்துவிட்டுக் குறுஞ்செய்தி அனுப்பினார். இந்த நிலையில்தான் ஒலிக்கூடத்துக்காரரிடமிருந்து செய்தி வந்தது: பூங்காவில் ஏரிக்கு மேலிருந்த மரப்பாலத்தை மூடிவிட்டார்கள், அதை அறிவிக்கும் சில வரிகளைப் பழைய பதிவில் சேர்க்க வேண்டும், அடுத்த வாரம் வர முடியுமா?

ஒரு பதிவில் பின்னால் சேர்க்கும் வரிகளை முதலில் வாசித்தவரே வாசிக்க வேண்டும் என்பது அத்தொழிலின் எழுதாத ஒழுங்கு. குரல் மாறினால் ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும். அப்படி நேர்ந்தால் முழுவதையும் வேறொருவரை வைத்துப் பதிவு செய்வார்கள், பழையதை அழித்துவிடுவார்கள். இத்தனை ஆண்டுகளில் சேர்க்கும் வரிக்கு அவர் மறுப்புச் சொன்னதே கிடையாது. பழக்கதோஷத்தில், தொண்டையைக் கேட்காமல் விரல் பதில் எழுதிவிட்டது: "முடியும்."

தப்பு என்று உடனே எழுதியிருக்கலாம். ஆனால் ஓர் 'ஒருவேளை' அவரை விடவில்லை. பழைய குரலைக் கேட்டு மாதங்கள் ஆகிவிட்டன. அது தாம் நினைத்திருக்கும் அளவுக்கு உயரமானதாக இல்லாமலும் இருக்கலாம். நன்றாக வெந்நீர் குடித்து, மைக்குக்கு நெருக்கமாக அமர்ந்து, மெதுவாக வாசித்தால், ஒருவேளை, அந்தச் சில வரிகள் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

அந்த 'ஒருவேளை'யை மடியில் கட்டிக்கொண்டுதான் அவர் அந்தப் பயணத்துக்குப் புறப்பட்டார். கொழுந்தன் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையைச் சில நாள்கள் மூடியிருந்தார். மகள் புதிதாக ஓட்டுநர் உரிமம் பெற்று, ஸ்டியரிங்கை யாருக்கும் கொடுக்க மறுத்துக்கொண்டிருந்தாள். போகும் இடம் கடல். வழியில் பூங்கா. சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பினால் பூங்கா வாசல். வலப்பக்கம் போனால் நேரே கடற்கரை.

முன் இருக்கையில் அமர்ந்து வழிகாட்டும் பொறுப்பு லிஃப்ட்டம்மாவுடையது. இன்ஜின் சத்தத்தை மீறிப் பேச இயலாததால் விரலால் காட்டினார். மகளும் சாலையில் ஒரு கண், அம்மாவின் விரலில் ஒரு கண்ணாக ஓட்டினாள்.

"அண்ணி குரல் காட்டுக்குள்ள எப்படிக் கேக்குதுன்னு பாத்தே ஆகணும்" என்று கொழுந்தன் பின்னிருக்கையிலிருந்து வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். "மானெல்லாம் வரிசையா நின்னு கேக்குமாம். யாரு, நம்ம லிஃப்ட்டம்மாவான்னு."

லிஃப்ட்டம்மா சாலையையே பார்த்திருந்தார். பூங்காவுக்குள் போனால் பழைய குரலும் புதிய குரலும் ஒரே வேனில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவருக்கு மட்டுமா? பக்கத்தில் இருப்பவர்களுக்கும் காது உண்டு. 'கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடும்' என்று சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று ஒரே வரியில் விளங்கிவிடும். போகாவிட்டால் ஒருவேளை ஒருவேளையாகவே இருக்கும். ஆனால் அடுத்த வாரம் அந்தப் பஞ்சறையில், சிவப்பு விளக்கு எரியும்போது, அது எப்படியும் உடையும்.

சாலை பிரியும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. காரை அங்கே நிறுத்தினார்கள். பூங்காவை நோக்கிய அம்புக்குறியும் கடலை நோக்கிய அம்புக்குறியும் ஒரே கம்பத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

"இடப்பக்கம் காடு, வலப்பக்கம் கடல்" என்றார் கொழுந்தன். "எந்த மாடின்னு அண்ணி சொல்லட்டும்."

"மழை வர்ற மாதிரி இருக்குடா" என்றார் கணவர்.

"வேனுக்குக் கூரை இருக்கு."

"டிக்கெட் கிடைக்குமோ என்னவோ."

"நேத்தே பாத்தாச்சு, கிடைக்கும். வேற சாக்கு சொல்லு."

"உள்ள ஒரே தூசியா இருக்கும். அவ தொண்டைக்கு ஆகாது."

"மழையும் வருமாம், தூசியும் பறக்குமாம். அண்ணா, ரெண்டுல ஒண்ணைப் பிடிச்சுக்கோ."

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லாதபோது அவர் செய்கிற காரியம் அது. இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று லிஃப்ட்டம்மாவுக்குத் தோன்றியது. எழுந்து முகம் கழுவக் கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனார். மகள் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கவா?"

"ம்."

"பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு, 'பாலம் மூடப்பட்டுள்ளது, பாலம் மூடப்பட்டுள்ளது'ன்னு சொல்லிச் சொல்லிப் பாக்கறியே, அது என்ன?"

லிஃப்ட்டம்மா குழாயை மூடினார். "கேட்டுச்சா?"

"தண்ணித் தொட்டி காலியாகறதைப் பாத்துட்டு அப்பாவே கேட்டாரு, எந்தப் பாலம்னு." மகள் சிரிக்க முயன்று விட்டுவிட்டாள். "டாக்டர் உண்மையில என்னம்மா சொன்னார்?"

மகள் துண்டை நீட்டினாள். அவர் முகத்தைத் துடைத்தார். தேவைக்கு மேல் நெடுநேரம் துடைத்தார்.

"கடலுக்கே போயிடலாம். சித்தப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். எனக்குத் தலைவலின்னு சொன்னா நம்பிடுவாரு."

இது எளிதாக இருந்தது. எளிதாக இருந்ததுதான் அவரை உறுத்தியது. லிஃப்ட்டை விட்டுப் படிகளில் ஏறினார்; தொலைபேசியை விட்டுக் குறுஞ்செய்திக்குப் போனார்; இப்போது ஒரு காடு முழுவதையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதற்காகப் பெண்ணுக்குத் தலைவலி வர வேண்டும். அடுத்தது என்ன என்று எண்ணிப் பார்த்தார். மின்சாரம் நின்றால் அலுவலகத்தைக் கூப்பிடக்கூட யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கும்.

காருக்குத் திரும்பி முன் இருக்கையில் அமர்ந்தார். மகள் சாவியைத் திருகினாள். விரலை டாஷ்போர்டில் அழுத்தி, இடப்பக்கம் காட்டினார்.

பூங்கா வேனில் பன்னிரண்டு இருக்கைகள். ஓட்டுநர் தடித்த மனிதர்; நாள் முழுவதும் ஒரே பாதையைச் சுற்றுபவர்களுக்கே உரிய அலுப்போடு அமர்ந்திருந்தார். வாசற்கம்பத்தைத் தாண்டியதும் ஒலிபெருக்கி கொறகொறவென்றது. பிறகு அந்தக் குரல் வந்தது.

"அன்பார்ந்த பயணிகளே, உங்களை வரவேற்கிறோம். இனி நீங்கள் கடக்கப்போவது..."

லிஃப்ட்டம்மா இருக்கைக் கம்பியைப் பற்றிக்கொண்டார். இன்ஜின் சத்தத்துக்கு அடியில், யார் காதிலும் விழாதபடி, வரியோடு சேர்ந்து தாமும் சொல்லிப் பார்த்தார். "வரவேற்கிறோம்" என்பதில் அந்தக் குரல் 'வே'யில் ஏறி, 'றோம்' வரையில் அங்கேயே நின்று, நிதானமாக இறங்கியது. அவருடையது ஏறவே இல்லை. அடுத்த வரியில் இன்னும் கொஞ்சம் தாழத் தொடங்கிப் பார்த்தார். 'இனி' வந்தது, 'கடக்கப்போவது' நடுவில் காற்றாகப் பிரிந்தது. மூன்றாவது வரிக்கு அவர் உதடுகளை அசைக்கவில்லை. ஒட்டாது. வெந்நீருக்கும் மைக்குக்கும் அப்பாற்பட்ட தூரம் அது.

முன்வரிசையில் இருந்த ஒருவரிடம் கொழுந்தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இது யாரு குரல் தெரியுமா? இதோ உக்காந்திருக்காங்களே, எங்க அண்ணி."

அவர் திரும்பி ஏற இறங்கப் பார்த்தார். கையில் தொலைநோக்கி வைத்திருந்தார். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் எதையும் லேசில் நம்புவதில்லை. "அப்படியா? எங்க, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

வேனுக்குள் பலர் திரும்பினர். கணவர் சட்டென்று, "அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கு சார்" என்றார்.

"வணக்கம்" என்றார் லிஃப்ட்டம்மா.

உலர்ந்த சருகை மிதித்தாற்போல் வந்தது. ஒலிபெருக்கியில் அதே சமயம் பழைய குரல் மான்களின் இயல்பை இனிமையாக எடுத்துரைத்துக்கொண்டிருந்தது. தொலைநோக்கிக்காரர் நாகரிகமான மனிதர்தான். "ஜலதோஷமா? இந்தக் குளிருக்குப் பிடிச்சுக்கும்" என்றார்.

"இல்லங்க. இப்ப இதுதான் என் குரல்." பிறகு, முன்வரிசைக்குச் சொல்வதைப் போலப் பக்கத்தில் இருந்த கணவருக்குச் சொன்னார்: "டாக்டர் சொல்லிட்டார். இனிமே இப்படித்தான் இருக்கும்."

கொழுந்தனின் வாய் திறந்தபடி இருந்தது. பல்செட் செய்பவர் வாயில் பேச்சில்லாமல் போனதை அந்தக் குடும்பம் முதன்முறையாகக் கண்டது. மகள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கணவர் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீரை ஊற்றினார். கொஞ்சம் வேட்டியில் கொட்டியது.

"நீ படியேற ஆரம்பிச்சப்பவே நினைச்சேன்" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

வேன் ஏரிக்கரையில் நின்றது. ஒலிபெருக்கி உற்சாகமாயிற்று. "இப்போது நீங்கள் வேனை விட்டு இறங்கி, உங்கள் வலப்புறம் உள்ள மரப்பாலத்தின் வழியே ஏரியின் மறுகரைக்கு நடந்து செல்லலாம்." பயணிகள் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தனர், தொலைநோக்கிக்காரர் கதவருகே போய்விட்டார். ஓட்டுநர் இருக்கையிலிருந்தபடியே திரும்பிக் கத்தினார்.

"உக்காருங்க, உக்காருங்க. யாரும் இறங்கக்கூடாது. பாலம் மூடி மாசக்கணக்காச்சு. பலகையெல்லாம் உளுத்துப்போச்சு."

"இறங்கச் சொல்றாங்களே" என்றார் தொலைநோக்கிக்காரர்.

"அந்தம்மா சொல்றதைக் கேக்காதீங்க சார். அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு ட்ரிப்புலயும் அது இறங்குங்குது, நான் உக்காருங்கறேன். கத்திக் கத்தி என் தொண்டைதான் போச்சு."

வேனில் முதலில் சிரித்தது லிஃப்ட்டம்மா. சிரிப்பும் கரகரப்பாகத்தான் வந்தது. பிறகு மகள், பிறகு, அனுமதி கிடைத்தாற்போல், கொழுந்தன். கணவர் சிரிக்கவில்லை, பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தின் வாயில் ஒரு கயிறு குறுக்காகக் கட்டியிருந்தது. அவ்வளவுதான். கீழே நீர் கறுப்பாக, ஆழமாக இருந்தது. வேனில் சத்தம் அடங்கியதும் லிஃப்ட்டம்மாவும் அந்தக் கயிற்றைக் கண்டார். ஓட்டுநர் இல்லாத ஒரு நாளில், அல்லது அவர் கத்த மறந்த ஒரு நாளில், தம் குரலை நம்பி ஒருவர் அந்தக் கயிற்றைத் தாண்டக்கூடும் என்ற எண்ணம் வந்ததும் சிரிப்பு நின்றது.

வெளியே வந்து காரில் ஏறும்போது கைபேசி அடித்தது. ஒலிக்கூடத்துக்காரர். வழக்கம்போல் துண்டிக்கப் போன விரல் நின்றது.

"சொல்லுங்க" என்றார்.

"யாருங்க பேசறது? அம்மா இல்லையா?"

"நான்தான்."

காதால் பிழைக்கும் மனிதர். ஒற்றைச் சொல்லிலேயே எல்லாம் விளங்கியிருக்கும். "என்னம்மா ஆச்சு?"

"ஆபரேஷன்ல போயிடுச்சு. முடியும்னு எழுதினது தப்பு. மன்னிச்சுக்கோங்க."

"ஒட்டாதேம்மா."

"ஒட்டாது. இப்பத்தான் உள்ள போய்ப் பழசைக் கேட்டுட்டு வரேன்."

"அப்போ முழுசையும் வேற ஆளை வச்சுத்தான் எடுக்கணும். பழசு போயிடும்." அவர் தயங்கினார். "உங்க நல்ல பதிவு அது."

லிஃப்ட்டம்மா காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார். வீட்டார் மூவரும் காருக்குள் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கேட்காதவர்களைப் போல அமர்ந்திருந்தார்கள்.

"ஏன் ஒட்டணும்?" என்றார். "பாலத்தைத் தாண்டிப் போங்கன்னு சொன்னவ ஒருத்தி. அவளுக்குப் பாலம் உளுத்தது தெரியாது. மூடியாச்சு, இறங்காதீங்கன்னு வேற ஒருத்தி சொல்லட்டும். குரல் மாறினாத்தான் ஜனங்க என்னமோ ஏதோன்னு நிமிர்ந்து பாப்பாங்க."

"அந்த வேற ஒருத்தி?"

"நான்தான்."

மறுமுனையில் அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. "பூங்காக்காரங்க ஒத்துப்பாங்களான்னு சொல்ல முடியாதும்மா. அவங்களுக்கு எல்லாம் இனிமையா இருக்கணும்."

"கேட்டுப் பாருங்க."

"முதல்ல நீங்க வந்து வாசிங்க. நான் கேக்கறேன். அப்புறம் அவங்களைக் கேக்கறதா வேண்டாமான்னு பாப்போம். வாக்குக் குடுக்க மாட்டேன்."

"வாக்கு வேண்டாம். மூச்சை மட்டும் வெட்டிடாதீங்க. இப்ப வெட்டினா மிச்சம் ஒண்ணும் இருக்காது."

கைபேசியைப் பையில் வைத்தார். பூங்காக்காரர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று தோன்றியது. சொல்ல மாட்டார்கள் என்றும் தோன்றியது. முன் இருக்கையில் அமர்ந்து கதவைச் சாத்தினார். கொழுந்தன் பின்னாலிருந்து மெல்ல, "கதவு மூடுகிறது" என்றார். உடனே அண்ணனிடம் ஒரு குத்து வாங்கினார்.

சாலை பிரியும் இடம் வந்தது. மகள் வேகத்தைக் குறைத்து, பழக்கப்படி அம்மாவின் விரலைப் பார்த்தாள். கைகள் மடியில் இருந்தன.

"கடல் பக்கம்" என்றார் லிஃப்ட்டம்மா.

இன்ஜின் இரைச்சலில் அது அமுங்கிப்போயிற்று. "என்னம்மா? கேக்கல."

அவர் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்.